புதிய டிஏசி உறுத்துகிறது: பர்ன்-இன், ஆர்-2ஆர், ஆப்-ஆம்ப் மாற்றம், இவற்றில் எது உதவும்?

கேள்வியின் சுருக்கம் இது. பழைய சிடி பிளேயருக்குப் பதிலாகக் கணினியோடு ஒரு புதிய டிஏசி (எண்களாக உள்ள இசையை மின் சிக்னலாக மாற்றும் கருவி) சேர்ந்திருக்கிறது. உயர் சுருதிகள் முன்பைவிடக் கூர்மையாக, நேரம் போகப் போக உறுத்தலாகக் கேட்கின்றன. 200 மணி நேரம் ஓடவிட்டால், அதாவது பர்ன்-இன் செய்தால், சரியாகிவிடும் என்கிறார் ஒருவர். உள்ளே இருக்கும் ஆப்-ஆம்பையும் (சிக்னலைப் பெருக்கும் சிப்) கெப்பாசிட்டர்களையும் மாற்றச் சொல்கிறார் இன்னொருவர். டெல்டா-சிக்மா (வேகக் கணக்கீட்டால் மாற்றும் வகை) சிப் என்றாலே இப்படித்தான், ஆர்-2ஆர் (ரெசிஸ்டர் வரிசையால் மாற்றும் வகை) வாங்கியிருக்க வேண்டும் என்கிறார் மூன்றாமவர். யார் சொல்வதைக் கேட்பது?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். காத்திருப்பதால் ஒரு டிஏசியின் ஒலி காதுக்குத் தெரியும்படி மாறுவதில்லை. சிப் எந்த வகை என்பதை மட்டும் வைத்து ஒலியைக் கணிக்க முடியாது. ஆப்-ஆம்ப் மாற்றம் பெரும்பாலும் பலன் தராது. சில சமயம் நன்றாக இருந்த கருவியைக் கெடுத்தும் விடும். அதே சமயம், உங்களுக்குக் கேட்கும் உறுத்தலை மனப்பிரமை என்று ஒதுக்கிவிடவும் கூடாது. அதற்குச் சாதாரணமான, கண்டுபிடித்துத் திருத்தக்கூடிய காரணங்கள் நாலைந்து உண்டு. திருகாணியைக் கழற்றுமுன் அவற்றைப் பார்க்க வேண்டும்.

முதல் காரணம் ஒலி அளவு. சிடி பிளேயரின் வெளியீடு 2 வோல்ட் என்பது நெடுங்கால வழக்கம். இப்போதைய டிஏசிகள் பலவற்றில் ஆர்சிஏ சாக்கெட்டிலேயே 2.4, 2.5 வோல்ட் வருகிறது. எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டில் 4 வோல்ட்டும் அதற்கு மேலும் வரும். 2 வோல்ட்டுக்கும் 2.4 வோல்ட்டுக்கும் இடையே 1.6 டெசிபல் வித்தியாசம். இவ்வளவு சிறிய ஏற்றத்தைக் காது 'சத்தம் கூடிவிட்டது' என்று உணர்வதில்லை. தெளிவு கூடியதாக, மேடை (கண்முன் விரியும் ஒலிப்பரப்பு) விரிந்ததாக, உயர் சுருதி முன்னால் வந்து நிற்பதாகத்தான் உணர்கிறது. டிஏசி ஒப்பீடுகளில் 'இரவுக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம்' என்று எழுதப்படுவதில் பெரும்பகுதிக்கு இதுவே காரணம் என்பது என் உறுதியான கருத்து.

சமன் செய்யும் முறை எளிது. 400 ஹெர்ட்ஸ் சைன் அலைக் கோப்பு ஒன்றை இரண்டு கருவிகளிலும் ஓடவிடுங்கள். ஆம்ப்ளிஃபயரின் ஒலிக்குமிழைத் தொடாமல், ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட் நிலையில் வைத்து அளவெடுங்கள். 1 அல்லது 2 வோல்ட் காட்டும்படி ஒலி இருந்தால் போதும். 1 கிலோஹெர்ட்ஸ் வேண்டாம். சாதாரண மல்டிமீட்டர்கள் மின்சார அதிர்வெண்ணை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை, 400 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் பல மீட்டர்கள் குறைத்துக் காட்டும். அதிகமாக வரும் கருவியின் அளவை பிளேயர் மென்பொருளில், 24 பிட் வெளியீட்டில் வைத்துக் குறையுங்கள். இரண்டு அளவுகளும் 1 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள் வந்துவிட்டது என்று பொருள்.

பிறகு வேறொருவர் உங்களுக்குத் தெரியாமல் மாற்றிவைக்க, எது ஓடுகிறது என்று நீங்கள் சொல்ல வேண்டும். 16 முறையில் 12 முறையாவது சரியாகச் சொன்னால் நம்பலாம். வெறும் ஊகத்தில் அது அமைய 100-க்கு 4-க்கும் குறைவான வாய்ப்புதான். 10-க்கு 8 என்பது கவர்ச்சியான எண்ணாகத் தெரிந்தாலும் போதாது. அது தற்செயலாக வர 5 சதவீதத்துக்குச் சற்று மேலேயே வாய்ப்பு உண்டு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரண்டு டிஏசிகளும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் ஓட்டினால், உள்ளே நடக்கும் தாமதம் ஒன்றுபோல் இருக்காது. மாற்றும் கணத்தில் தாளம் சில மில்லி விநாடி துள்ளும். அந்தத் துள்ளலை வைத்தே எது எது என்று காது கண்டுபிடித்துவிடும். அதனால் மாற்றும்போது ஒரு விநாடி மௌனம் விட வேண்டும். அரை மணி நேர இடைவெளி விட்டு ஒப்பிடுவதிலும் பயனில்லை. ஒலியின் நுண்விவரத்தை நினைவு சில விநாடிகளே துல்லியமாக வைத்திருக்கும்.

அளவைச் சமன் செய்த பிறகும் உறுத்தல் நின்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது சாம்பிள்களுக்கு (அலையைக் குறித்து வைத்த எண் புள்ளிகள்) இடையே நடக்கும் வெட்டு. உச்சத்தைத் தொட்டபடியே ஓடுமாறு மாஸ்டரிங் செய்யப்பட்ட பதிவுகள் ஏராளம். அவற்றில் சாம்பிள் புள்ளிகள் எல்லைக்குள் இருந்தாலும், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எழும் அலை எல்லையைத் தாண்டும். சாம்பிளிங் வேகத்தின் கால் பங்கு அதிர்வெண்ணில் ஒரு சைன் அலை உரிய கட்டத்தில் அமைந்தால் இந்தத் தாண்டல் 3 டெசிபல். டிஏசிக்குள் இருக்கும் ஓவர்சாம்ப்ளிங் வடிகட்டி (நடுவே கூடுதல் புள்ளிகளைக் கணக்கிடுவது) அந்த உச்சியைக் கணக்கிடும்போது, மேலே இடம் ஒதுக்கப்படாத வடிவமைப்பாக இருந்தால் அதை வெட்டிவிடும். கேட்பவருக்கு அது உயர் சுருதியில் ஒரு சுரசுரப்பாக வந்து சேரும். சோதனை இரண்டு நிமிட வேலை: பிளேயரில் 4 டெசிபல் குறைத்து, ஆம்ப்ளிஃபயரில் அதே அளவு ஏற்றி, உறுத்திய அதே பகுதியைக் கேளுங்கள். உறுத்தல் போய்விட்டால் அந்த 4 டெசிபலை நிரந்தரமாகவே குறைத்து வைத்துவிடலாம். 24 பிட்டில் இதனால் இழப்பு ஏதுமில்லை.

மூன்றாவது காரணம் ஆம்ப்ளிஃபயரின் நுழைவாயில். பழைய ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றுக்கு முழுச் சத்தம் தர 150 முதல் 200 மில்லிவோல்ட் போதும். அதற்குள் 2.5 வோல்ட்டைச் செலுத்தினால் குமிழைக் கடிகாரத்தின் எட்டு மணி நிலைக்கு மேல் திருப்பவே முடியாது. பொட்டென்ஷியோமீட்டரின் ஆரம்பப் பகுதியில்தான் இடது, வலது சேனல்களின் ஒற்றுமை மிக மோசம். 2, 3 டெசிபல் விலகுவது சாதாரணம். பாடகரின் குரல் ஒரு பக்கம் சாய்வதற்கும் மேடை கலங்குவதற்கும் இது போதும். குமிழுக்கு முன்னால் ஒரு பஃபர் நிலை இருக்கும் ஆம்ப்ளிஃபயர்களில் அந்த நிலையே திணறவும் கூடும்.

இதற்கு மருந்து ஒரு சேனலுக்கு இரண்டு ரெசிஸ்டர்கள். 6.8 கிலோஓம் தொடரில், 3.3 கிலோஓம் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில். 47 கிலோஓம் உள்ளீட்டு மின்தடை கொண்ட ஆம்ப்ளிஃபயரில் இது ஏறக்குறைய 10 டெசிபல் குறைக்கும். 1 சதவீத மெட்டல் ஃபிலிம், கால் வாட் போதும். இரண்டு சேனலின் ரெசிஸ்டர்களையும் மீட்டரால் அளந்து ஜோடி பொருத்திக்கொள்ளுங்கள். இதை ஆம்ப்ளிஃபயர் பக்கத்து ஆர்சிஏ பிளக்கிற்குள்ளேயே அடக்கிவிடலாம். எந்தப் பெட்டியையும் திறக்க வேண்டியதில்லை. கருவி மாற்றம் என்ற பெயரில் செய்யப்படும் வேலைகளில் செலவுக்கும் பலனுக்கும் இவ்வளவு பொருத்தமான இன்னொன்றை நான் சொல்ல மாட்டேன்.

நான்காவது, டிஏசியில் இருக்கும் வடிகட்டித் தேர்வு. 'ஷார்ப்', 'ஸ்லோ' என்று மெனுவில் இருப்பவை இவைதான். 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளில் ஸ்லோ வகை 20 கிலோஹெர்ட்ஸுக்குள்ளாகவே சில டெசிபல் சரியத் தொடங்கும். இளங்காதுகளுக்கு மட்டும் மெல்லிதாகத் தெரியலாம். 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காதவர்களுக்குத் தெரியாது.

ஐந்தாவது, கணினியிலிருந்து யுஎஸ்பி வழியே வரும் கிரவுண்ட் லூப் (கிரவுண்ட் கம்பிகள் வளையமாகி இரைச்சலைக் கொண்டுவருவது). மவுஸை நகர்த்தும்போதோ திரையைச் சுருட்டும்போதோ மெல்லிய கீச்சொலி வருகிறதா என்று, பாட்டை நிறுத்திவிட்டுக் குமிழை ஏற்றிக் கேளுங்கள். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால் லூப் உறுதி. ஆப்டிகல் கேபிளுக்கு மாறினால் மின்தொடர்பே அற்றுப்போகும். அதுவே சுத்தமான தீர்வு. யுஎஸ்பி ஐசொலேட்டர் வாங்குவதானால் அதன் வேகத்தைப் பாருங்கள். ஏடியுஎம்4160 சிப்பில் செய்யப்பட்டவை 12 மெகாபிட் வேகம் வரைதான். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை ஓடும். அதற்கு மேல் போனாலோ, டிஏசி ஹை-ஸ்பீட் இணைப்பை மட்டுமே ஏற்பதாக இருந்தாலோ வேலை செய்யாது.

இனி பர்ன்-இன்.

எந்த உறுப்பில் என்ன மாறும் என்று பார்த்தால் இந்த விவாதம் பாதி தீர்ந்துவிடும். ஸ்பீக்கரில் அசையும் பாகங்கள் உண்டு. கூம்பைப் பிடித்திருக்கும் ஸ்பைடர் ரெசின் ஏற்றிய துணி. முதல் அசைவுகளில் அதன் விறைப்பு தளர்ந்து, அதிர்வொத்திசைவு அதிர்வெண் சில ஹெர்ட்ஸ் இறங்கும். இது அளக்கக்கூடிய உண்மை. ஆனால் மாற்றத்தின் பெரும்பகுதி பலமான சிக்னலில் முதல் சில நிமிடங்களிலேயே முடிந்துவிடும். தளரும்போது ஒத்திசைவு இறங்குவதும் விஏஎஸ் (சஸ்பென்ஷனின் நெகிழ்வுக்கு ஈடான காற்றின் கனஅளவு) கூடுவதும் சேர்ந்தே நடப்பதால், பெட்டிக்குள் வைத்தபின் கிடைக்கும் பாஸ் வளைவு மிகச் சொற்பமாகவே நகரும். ரெக்கார்டு பிளேயரின் கார்ட்ரிட்ஜிலும் ரப்பர் சஸ்பென்ஷன் இருக்கிறது. ஹெட்போனில் அமுங்கிப் பழகும் காதுப்பட்டை டிரைவருக்கும் காதுக்கும் உள்ள தூரத்தையே மாற்றிவிடுகிறது. அது உண்மையாகவே கேட்கும்.

டிஏசிக்குள் அசையும் பொருள் எதுவும் இல்லை. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் அலுமினியத் தகட்டின் மேல் ஆக்சைடு படலம் ஒன்று மின்காப்பாக நிற்கிறது. பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்தால் படலம் மெலிந்து கசிவு மின்னோட்டம் கூடும். மின்னழுத்தம் கிடைத்ததும் மறுபடி வளரும். அதற்கு நிமிடங்கள் ஆகலாம், மிஞ்சினால் சில மணி நேரம். தொழிற்சாலையிலிருந்து வந்த புதிய கருவியில் அதுவும் நடந்து முடிந்திருக்கும். கிரிஸ்டல் ஆஸிலேட்டர் சூடேறும்போது அதிர்வெண் மில்லியனில் சில பங்கு நகரும். சுருதியில் அது ஒரு பொருட்டே அல்ல. கிளாஸ்-ஏ ஆம்ப்ளிஃபயர் தன் இயங்கு வெப்பத்தை அடைய அரை மணி முதல் ஒரு மணி நேரம் வேண்டும். வால்வுக் கருவிக்கும் சூடாகும் நேரம் உண்டு. இவை ஒவ்வொரு முறை இயக்கும்போதும் நடக்கும் வெப்பச் சமநிலை, பர்ன்-இன் வேறு.

மாறுகிறதா என்று உங்களுக்கே பார்க்க வேண்டுமானால், ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளும் நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றும் போதும். முதல் நாளில் கருவியை ஒரு மணி நேரம் சூடாக்கி, டிஏசி வெளியீட்டை இன்டர்ஃபேஸின் லைன் உள்ளீட்டில் கொடுத்து, அதிர்வெண் வளைவையும் டிஸ்டார்ஷனையும் (ஒலிச் சிதைவு) சேமித்து வையுங்கள். 200 மணி நேரம் கழித்து அதே கேபிள், அதே அளவு, அதே சூட்டில் மறுபடி எடுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகவே படியும். மாறாமல் இருந்த கருவிக்கு உங்கள் காது பழகிக்கொண்டிருக்கும். புதிய ஒலிச்சாயலுக்கு மூளை பழகுவது உண்மையான, வலுவான விஷயம்.

இதில் கவலைப்பட வேண்டிய பக்கம் ஒன்று உண்டு. நாளுக்கு 3 மணி நேரம் கேட்பவருக்கு 200 மணி நேரம் என்பது இரண்டு மாதத்துக்கு மேல். பிடிக்காத கருவியைத் திருப்பிக் கொடுக்கும் கெடு அதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். முதல் வாரங்களை இதைவிட நன்றாகப் பயன்படுத்தலாம். மின்னணுக் கருவிகளில் உற்பத்திக் குறை இருந்தால் ஆரம்பத்திலேயே வெளிப்படுவது அதிகம். எல்லா உள்ளீடுகளையும், எல்லாச் சாம்பிளிங் வேகங்களையும், நீண்ட நேர ஓட்டத்தையும் அந்த நாட்களிலேயே சோதித்துவிடுங்கள்.

சிப் வகை பற்றிய சண்டை சிடி பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. 1982-ல் பிலிப்ஸ் தன் முதல் பிளேயரில் 14 பிட் டிடிஏ1540 சிப்பை 4 மடங்கு ஓவர்சாம்ப்ளிங்கோடும் நாய்ஸ் ஷேப்பிங்கோடும் (இரைச்சலைக் கேட்கும் எல்லைக்கு வெளியே தள்ளுவது) ஓட்டியது. சோனி தன் சிடிபி-101-ல் ஓவர்சாம்ப்ளிங் இல்லாத 16 பிட் வழியைப் பிடித்தது. ஆர்-2ஆர் முறையின் அழகு அதன் நேர்மையான எளிமை: ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு ரெசிஸ்டர் கிளை. அதன் சங்கடமும் அங்கேயே இருக்கிறது. 16 பிட்டில் மேல் பிட்டின் எடை 65,536-ல் ஒரு பங்குக்குள் சரியாக இருக்க வேண்டும், அதாவது 0.0015 சதவீதம். 0.01 சதவீத ரெசிஸ்டர்களை வைத்துக் கட்டினால் கிடைப்பது ஏறக்குறைய 13 பிட் நேர்கோட்டுத்தன்மை. பிழை பெரும்பாலும் மெல்லிய ஒலிகளில், பூஜ்ஜியத்தைக் கடக்கும் இடத்தில் தெரியும். டெல்டா-சிக்மா இந்தச் சுமையை ரெசிஸ்டரிலிருந்து எடுத்துக் கணக்கீட்டின் மேல் வைக்கிறது. பதிலுக்கு மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைத் தள்ளுவதால் நல்ல வெளியீட்டு வடிகட்டி கட்டாயமாகிறது.

ஓவர்சாம்ப்ளிங்கே இல்லாத டிஏசிகளை 'இயல்பான ஒலி' என்று விரும்புகிறவர்கள் பலர். அவர்கள் ஏதோ ஒன்றைக் கேட்பது உண்மைதான், அதற்குக் கணக்கும் உண்டு. படிக்கட்டு அலைவடிவத்தால் 44.1 கிலோஹெர்ட்ஸில் 10 கிலோஹெர்ட்ஸ் 0.75 டெசிபல் குறையும், 20 கிலோஹெர்ட்ஸ் 3.2 டெசிபல் குறையும். மேல்சுருதி மென்மையாவதற்கு இது போதும். கூடவே 15 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு 29.1-ல் ஒரு பிம்பம் எழும்; பின்னால் வரும் ஆம்ப்ளிஃபயர் நேர்கோட்டில் இயங்காவிட்டால் இவை கலந்து கேட்கும் எல்லைக்குள் புதிய ஒலிகளை உண்டாக்கும். அந்த மென்மை வேண்டுமென்றால் சாதாரண டிஏசியோடு மென்பொருள் ஈக்வலைசரில் 10 கிலோஹெர்ட்ஸ் ஷெல்ஃபை (அதற்கு மேலுள்ளவற்றை மொத்தமாக ஏற்றி இறக்கும் அமைப்பு) ஒன்று, ஒன்றரை டெசிபல் இறக்குங்கள். பிம்பங்கள் வராது, வேண்டாதபோது நிறுத்திவிடலாம்.

ஜிட்டர் (டிஏசி கடிகாரத்தின் நேரத் தடுமாற்றம்) பற்றியும் ஒரு பத்தி. முழு அளவில் 20 கிலோஹெர்ட்ஸ் சிக்னலுக்கு, 16 பிட்டின் கடைசிப் பிட்டில் பாதிக்குப் பிழை வர 121 பைக்கோவிநாடி நகர்வு போதும் என்பது சரியான கணக்கு. ஆனால் அது மிக மோசமான நிலைக்கான கணக்கு. இசையில் காதுக்குத் தெரிய நானோவிநாடிகளில் ஜிட்டர் வேண்டும். அசின்க்ரோனஸ் யுஎஸ்பியில் டிஏசியின் சொந்தக் கடிகாரமே எஜமான் என்பதால் கணினியின் நேரத் தடுமாற்றம் உள்ளே வருவதில்லை. ஆகவே புதிய கடிகார மாட்யூல் வாங்கிக் கம்பி இழுத்து இணைக்கும் மாற்றத்தை நான் பரிந்துரைப்பதே இல்லை. 22.5792, 24.576 மெகாஹெர்ட்ஸ் சிக்னலை 10 சென்டிமீட்டர் தளர்ந்த கம்பியில் கொண்டுபோனால் எதிரொலிப்பும் கிரவுண்ட் இரைச்சலும் சேர்ந்து முன்பிருந்ததைவிட மோசமாகும்.

உயர் தெளிவுக் கோப்புகள் பற்றிய சான்றுகளும் இதே அளவில்தான் நிற்கின்றன. 2007-ல் மேயர், மோரன் இருவரும் வெளியிட்ட ஆய்வில் எஸ்ஏசிடி (உயர் தெளிவு இசைத்தட்டு) ஒலிக்கும் அதை 16 பிட் 44.1-க்குள் செலுத்திய ஒலிக்கும் வித்தியாசம் சொன்னவர்கள் 554 முறையில் 276 முறை சரி, அதாவது பாதி. 2016-ல் ஜோஷுவா ரீஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரி 52.3 சதவீதம் வந்தது. பயிற்சி பெற்றவர்களுக்கு அதைவிடக் கூடுதல். வித்தியாசம் இருக்கலாம், ஆனால் மிக மெல்லியது. வீட்டில் டிஏசிகளுக்கு இடையே 'பெரிய வித்தியாசம்' கேட்டால் முதலில் அளவையும் வெட்டையும் சந்தேகிக்கச் சொல்வது இதனால்தான்.

இப்போது பெட்டியைத் திறப்பது பற்றி.

ஆப்-ஆம்ப் மாற்றத்தின் பலனை முதலில் எண்ணில் பாருங்கள். எல்லோரும் பிடுங்கியெறியச் சொல்லும் என்இ5532-வின் இரைச்சல் ரூட் ஹெர்ட்ஸுக்கு 5 நானோவோல்ட். எல்எம்4562-க்கு 2.7. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஃபீட்பேக் வலையில் இரண்டு 10 கிலோஓம் ரெசிஸ்டர்கள் இருந்தால், அவை இணையாகி 5 கிலோஓமாக நின்று 9 நானோவோல்ட் இரைச்சலைத் தாமே தருகின்றன. சிப்பை மாற்றினாலும் மொத்தம் அரிதாகவே அசையும். 2 வோல்ட் வெளியீட்டோடு ஒப்பிட்டால் இவை எல்லாமே 115 டெசிபலுக்கும் கீழே கிடக்கின்றன. உச்சத்தில் 100 டெசிபலாக ஒலிக்கும் அறையில் இது கேட்கும் எல்லைக்கு வெகு கீழே.

கெடும் வழிகளோ பல. மின்னழுத்த எல்லை முதலாவது: என்இ5532 நேர், எதிர் 22 வோல்ட் வரை தாங்கும், ஓபிஏ2134 18 வரை, எல்எம்4562 17 வரை. ஏடி8656 போன்றவை மொத்தமே 5.5 வோல்ட்டுக்கானவை, நேர், எதிர் 12 வோல்ட் போர்டில் செருகினால் அந்தக் கணமே போய்விடும்.

இரண்டாவது, ஆஸிலேஷன். 10 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்காகப் போடப்பட்ட போர்டில் 55 அல்லது 100 மெகாஹெர்ட்ஸ் சிப்பைச் செருகினால், நீண்ட டிராக்குகளும் சாக்கெட்டின் கால்களும் சேர்ந்து அதை மெகாஹெர்ட்ஸில் தானே அதிரவைக்கும். அந்த அதிர்வு காதுக்குக் கேட்காது. சிப் தொட முடியாமல் சுடும், வெளியீட்டில் டிசி நகரும், உயர் சுருதி சுரசுரக்கும். பலர் இதை 'விவரம் கூடியது' என்று எடுத்துக்கொள்வது வருத்தமான உண்மை. ஆஸிலோஸ்கோப் இல்லாமல் வேக ஆப்-ஆம்ப் போடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதற்காகவே. தடுக்க வேண்டுமானால் 8-வது காலுக்கும் 4-வது காலுக்கும் இடையே, சிப்பை ஒட்டியே, 100 நானோஃபாரட் எக்ஸ்7ஆர் செராமிக் ஒன்று. ஃபீட்பேக் ரெசிஸ்டருக்கு இணையாக 10 முதல் 33 பைக்கோஃபாரட் சி0ஜி வகைக் கெப்பாசிட்டர். வெளியீட்டில் ஃபீட்பேக் எடுக்கும் புள்ளிக்கு அப்பால் 47 முதல் 100 ஓம். கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் சிப்பை நேரடியாகத் தொடாமல் அது பிரித்துவைக்கும்.

மூன்றாவது, பயாஸ் மின்னோட்டம், அதாவது சிப்பின் உள்ளீட்டுக் கால்கள் இழுக்கும் சிறு மின்னோட்டம். ஃபெட் உள்ளீடு கொண்ட ஓபிஏ2134-ஐ எடுத்துவிட்டு என்இ5532 போட்டால், அதன் 200 நானோஆம்பியர் 100 கிலோஓம் ரெசிஸ்டரில் 20 மில்லிவோல்ட் உண்டாக்கும். அந்த நிலையின் பெருக்கம் 5 என்றால் வெளியீட்டில் 100 மில்லிவோல்ட் டிசி. ஒலிக்குமிழ் திருப்பும்போது கரகரப்பதும் இதனால் நடக்கும்.

இவ்வளவும் தெரிந்தே மாற்றுவதானால் முறை இது. பழைய சிப்பைக் காப்பாற்ற முயலாதீர்கள், போர்டுதான் விலையுயர்ந்தது. கூரான கட்டரால் சிப்பின் உடலை ஒட்டிக் கால்களை வெட்டி, ஒவ்வொரு காலாக எடுங்கள். ஈயம் கலந்த 63/37 சால்டர் 183 டிகிரியில் உருகும்; ஈயமில்லாதது 217-க்கு மேல். பழைய இணைப்பில் கொஞ்சம் 63/37-ஐயும் ஃபிளக்ஸையும் சேர்த்துக் கலந்தால் உருகுநிலை இறங்கி, முனை 320 முதல் 350 டிகிரியிலேயே வேலை முடியும். ஒரு இணைப்பில் 3 விநாடிக்கு மேல் சூட்டை வைக்காதீர்கள். டிராக் உரிந்து எழும். கிரவுண்ட் தளத்தோடு சேர்ந்த கால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அதற்குக் கூர்முனையை விட்டு அகன்ற முனையை எடுங்கள். துளையைப் பின்னல் திரியால் சுத்தம் செய்து, ஐசோபுரோபைலால் துடைத்து, 1-வது காலின் குறியைப் போர்டின் படத்தோடு ஒத்துப்பார்த்த பிறகே புதியதை வையுங்கள். போலிச் சிப்புகள் சந்தையில் நிறைய உண்டு. பழைய உயர்ரகச் சிப் என்று மலிவாக வருவது பெரும்பாலும் சுரண்டி மறுபெயர் அச்சிட்டது. பெயர்பெற்ற விநியோகஸ்தரிடம் மட்டும் வாங்குங்கள்.

கெப்பாசிட்டர் மாற்றத்தில் நியாயமானதும் உண்டு, வீணானதும் உண்டு. 20 ஆண்டு ஓடிய கருவியில் எலக்ட்ரோலிட்டிக்குகள் உலர்ந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். ஹம் கேட்பது, பாஸ் மெலிவது, இஎஸ்ஆர் (கெப்பாசிட்டரின் உள்தடை) மீட்டரில் புதியதைவிடப் பல மடங்கு காட்டுவது ஆகியவை அடையாளங்கள். அதே மதிப்பு, அதே அல்லது சற்று உயர்ந்த வோல்ட், 105 டிகிரி ரகம். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது நம்பத்தக்க விதி. ஆகவே ரெகுலேட்டரின் ஹீட்சிங்கை ஒட்டி நிற்பவற்றை முதலில் பாருங்கள்.

புதிய கருவியில், சிக்னல் பாதையில் உள்ள 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக்கை எடுத்துவிட்டு 'உயர்ந்த' 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. 10 கிலோஓம் சுமையில் 1.6 ஹெர்ட்ஸில் இருந்த வெட்டுப்புள்ளி 16 ஹெர்ட்ஸுக்கு ஏறி, 20 ஹெர்ட்ஸ் 2 டெசிபல் இறங்கிவிடும். பாஸ் குறைந்ததைத்தான் பிறகு 'தெளிவு' என்கிறோம். கப்ளிங் எலக்ட்ரோலிட்டிக்கின் டிஸ்டார்ஷன் கவலை தந்தால் வழி எதிர்த்திசையில் இருக்கிறது: மதிப்பைக் கூட்டுங்கள். 100 மைக்ரோஃபாரட்டாக்கினால் 20 ஹெர்ட்ஸில் அதன் குறுக்கே விழும் மின்னழுத்தம் பத்தில் ஒன்றாகும். டிஸ்டார்ஷனும் கூடவே விழும்.

ரெகுலேட்டருக்குப் பின்னால் இருக்கும் கெப்பாசிட்டரை மாற்றும்போது தனிக் கவனம். எல்எம்1117 போன்ற எல்டிஓ வகை ரெகுலேட்டர்கள் வெளியீட்டுக் கெப்பாசிட்டரின் இஎஸ்ஆர் 0.3 ஓமுக்குக் குறையக் கூடாது என்று கணக்கிட்டவை. அங்கே மிகக் குறைந்த இஎஸ்ஆர் பாலிமரையோ செராமிக்கையோ வைத்தால் ரெகுலேட்டரே ஆஸிலேட் ஆகும். ரெக்டிஃபயருக்குப் பின்னால் 2,200 மைக்ரோஃபாரட்டை 10,000 ஆக்குவதும் தேவையில்லாதது. 100 மில்லிஆம்பியர் இழுக்கும் டிஏசியில் 2,200-லேயே ரிப்பிள் (மின்னழுத்த ஏற்ற இறக்கம்) அரை வோல்ட்டுக்குள். அதைப் பின்னால் உள்ள ரெகுலேட்டர் ஆயிரத்தில் ஒன்றாக்கிவிடும். பெரிய கெப்பாசிட்டர் டயோடு வழியே குறுகிய, உயர்ந்த மின்துடிப்புகளை இழுத்து டிரான்ஸ்ஃபார்மரையும் கிரவுண்டையும் தொந்தரவு செய்யும்.

உள்ளே ஸ்விட்சிங் பவர் சப்ளை இருந்தால் 230 வோல்ட் மின்சாரத்தில் அதன் முதன்மைக் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் இருக்கும். மீட்டரில் பூஜ்ஜியம் பார்க்காமல் கைவைக்கவே கூடாது. அந்தப் பகுதியில் அனுபவமில்லாதவர்கள் எதையும் மாற்ற வேண்டாம்.

வேலை முடிந்ததும் ஆம்ப்ளிஃபயரோடு இணைக்குமுன் வெளியீட்டில் டிசி பாருங்கள். 5 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நன்று, 20 வரை பொறுக்கலாம், 50-ஐத் தாண்டினால் இணைக்காதீர்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி அளவெடுங்கள். சூட்டில் நகர்கிறதா என்று தெரியும். சிப்பின் மேல் விரல் வைத்தால் இளஞ்சூடு சரி, எடுத்துக்கொள்ள நேர்ந்தால் ஆஸிலேஷன். ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம். மாற்றுமுன்னும் பின்னும் அதே அளவீடுகள். ஒரு சேனலை மட்டும் மாற்றி மோனோ சிக்னலில் இரண்டையும் ஒப்பிடுவது மிகச் சிறந்த வழி; பழையதும் புதியதும் ஒரே பெட்டியில், ஒரே நேரத்தில் கிடைக்கும். கழற்றியவற்றை எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று எழுதி உறையில் வையுங்கள்.

மூடும்போது, உலோகப் பெட்டிக்கு எர்த் கம்பி வரும் கருவியில் அந்த வளையத்தை அதே இடத்தில், பெயின்ட் சுரண்டிய உலோகத்தின் மேல் பல் வாஷரோடு இறுக்குங்கள். பிளக்கின் எர்த் முனைக்கும் பெட்டியின் திருகாணிக்கும் இடையே மீட்டர் கம்பிகளின் தடையைக் கழித்தபின் 0.1 ஓமுக்கு மேல் காட்டினால், மின்சாரம் கொடுக்காமல் மறுபடி திறந்து அந்த இணைப்பைச் சரிசெய்யுங்கள்.